அடக்கத்துக்கு ஒரு மைனர் மெட்டு

ரியூவெலன்
1902 ஜனவரி 12

அன்புள்ள இதெல்,

உங்கள் முதுகுவலி எப்படி, சாப்பாடு எப்படி என்று கேட்டு எழுத ஆரம்பித்தால், கேட்க வந்ததைக் கேட்காமலே பக்கம் தீர்ந்துவிடும். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

மெய்ரிக் அண்ணன் பிழைக்க மாட்டான். சிலேட்டுத் தூசி நெஞ்சை அடைத்துவிட்டது. ஆடுகள் குட்டி போடும் காலம்வரை தாங்கினால் பெரிது என்று டாக்டர் அண்ணியிடம் சொல்லிவிட்டுப் போனார். அவன் கருங்காலி, நீங்கள் எல்லோரும் வேலைநிறுத்தம் செய்து வெளியே நின்றபோது குவாரிக்குள் திரும்பிப் போனவன், அது எனக்கு நினைவிருக்கிறது. "இந்த வீட்டில் கருங்காலி இல்லை" என்ற அட்டையை நம் ஜன்னலில் ஒட்டியவளே நான்தானே. அட்டை இன்னும் அங்கேதான் இருக்கிறது. நான் அவன் வீட்டுக்குப் போகிறேன், அவன் இங்கே வருவதில்லை. ஆகவே அட்டை பொய் சொல்லவில்லை.

புதன்கிழமை கஞ்சி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளினான். "லௌரி, என்னைத் தூக்கும்போது யாருடி பாட்டெடுப்பா?" என்று கேட்டான். நம் ஊரில் பாட்டில்லாமல் யாரையும் மண்ணில் வைத்ததில்லை. வழியில் செத்துக் கிடந்த ஊசி வியாபாரிக்குக்கூட நீங்கள் இசைக்கவையைத் தட்டி, சுருதி பிடித்து, பாட்டெடுத்தீர்கள். ஊரே சேர்ந்து பாடியது.

மூப்பர் பென்ரியிடம் போய்க் கேட்டேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. "அவனோட பேச்சுவார்த்தை இல்லைன்னு சபையில முடிவாயிடுச்சும்மா. பேச்சே இல்லாதவனுக்குப் பாட்டு மட்டும் எங்கேருந்து வரும்?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, களைப்பாகச் சொன்னார். அதற்கு மேல் அவரிடம் என்ன கேட்பது? போதகர் ஜெபம் செய்வார், அது அவர் கடமை. ஆனால் அவருக்குப் பாட வராது என்பது ஊருக்கே தெரியும்.

அதனால் நானே எடுக்கப் போகிறேன். பெண்கள் கல்லறைக்கு வருவதில்லை, வீட்டிலிருந்து தேநீர் போடுவதுதான் எங்கள் பங்கு என்று நீங்கள் சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன். போட்டது போதும்.

அவன் கேட்பது "கணவாய்" மெட்டு. மேஜர் மெட்டு என்றால் தூக்கத்தில் எழுப்பினாலும் எடுத்துவிடுவேன். இது மைனர். கல்யாணமான நாளிலிருந்து ஆல்ட்டோ பாடி, மெட்டுக்கு அடியிலேயே நின்று பழகியவள் நான். மெட்டைத் தனியே தூக்கினால் கையில் நிற்க மாட்டேன் என்கிறது. துணி துவைத்துக்கொண்டே பாடிப் பார்த்தேன். முதல் இரண்டு அடி ஒழுங்காகப் போகிறது. மூன்றாவது அடி ஒரு வெளிச்சமான இடத்துக்கு ஏறுகிறது இல்லையா, அங்கேயே தங்கிவிடுகிறேன். கடைசி அடி கல்யாணப் பாட்டாகப் போய் முடிகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுப் பெகு சிரித்தது எனக்குக் கேட்டது.

மைனர் என்றால் என்ன, அதில் எப்படி நிற்பது என்று எழுதுங்கள். இதற்கு முன் உங்களிடம் நான் பாட்டுக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டதில்லை.

உங்கள்
லௌரி


கும்தெரி
ஜனவரி 19

லௌரிக்கு,

முழுவதும் படித்தேன். முடியாது.

இங்கே நாங்கள் வடக்கத்திக்காரர்கள் ஆறு பேர், கட்டில் மூன்று. ஒருவன் எழுந்த சூட்டில் அடுத்தவன் படுக்கிறான். நேற்று ஷிப்ட் முடிந்து வந்து, முழங்கால் மடங்காமல் மாடிப்படியில் உட்கார்ந்துதான் உன் கடிதத்தைப் பிரித்தேன். சிலேட்டு வெட்டுகிறவனுக்கு நிலக்கரி பழகாது. மலைமேல் வெளிச்சத்தில் வேலை செய்தவனைப் பூமிக்குள் குனிந்து நடக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? இது யாரால்? குவாரி முதலாளியால் என்று வைத்துக்கொள். அவனை எதிர்த்து நிற்க வேண்டியவர்களில் ஒருவன் போலீஸ் பாதுகாப்போடு நம் ஜன்னலைத் தாண்டி வேலைக்குப் போனான். அன்றைக்கு நீ அடுப்படியில் நின்றுகொண்டு வெளியே வரவில்லை. நான் வாசலில் நின்று பார்த்தேன். அவன் என்னைப் பார்த்துத் தலையாட்டினான். எல்லா நாளும்போலத் தலையாட்டினான், லௌரி. துப்பியிருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

உன் அண்ணன் சாவது எனக்குச் சந்தோஷம் இல்லை. ஆனால் அந்தக் கூலியைத் தின்றவனுக்குப் பாட்டெடுக்க என் மனைவி போனாள் என்று இங்கே தெரிந்தால், நான் எந்த முகத்தோடு பாடகர் குழுவில் நிற்பேன்? வேலைநிறுத்தக்காரர்களின் குழு என்று பெயர் சொல்லித்தான் இந்தத் தெற்கத்தி ஜனங்கள் சபைச் சபையாக எங்களைக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். கேட்டுவிட்டு நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு உதவுகிறார்கள். குழுவின் செயலாளர் எட்னிவெட் நல்ல மனிதர், ஆனால் இந்த விஷயத்தில் இரும்பு. இரும்பாக இருப்பதால்தான் நாங்கள் இன்னும் சிதறாமல் இருக்கிறோம்.

மூன்றாவது அடியில் நீ தங்கிவிடுவதற்குக் காரணம், அங்கே மெட்டு தோ என்ற ஸ்வரத்தில் போய் நிற்கிறது. தோ என்பது மேஜரின் வீடு. நீ பிறந்ததிலிருந்து அந்த வீட்டில்தான் இருந்திருக்கிறாய், அதனால் கதவு திறந்திருந்தால் உள்ளே போய்விடுகிறாய். எல்லோரும் செய்கிற தப்புதான். இதைச் சொல்லிக்கொடுப்பதாக எடுத்துக்கொள்ளாதே.

இதெல்


ரியூவெலன்
ஜனவரி 27

அன்புள்ள இதெல்,

சொல்லிக்கொடுக்க மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே பாதியைச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியாரை இப்போதுதான் பார்க்கிறேன்.

மீதிப் பாதியைத் தேடி, சபையின் பின்னறையில் தொங்குகிற ஸ்வரப்படத்தைப் பார்க்கப் போனேன். நீங்கள் குச்சியால் தட்டித் தட்டிப் பிள்ளைகளைப் பாட வைப்பீர்களே, அந்தத் துணிப்படம். மூப்பர் பென்ரி அறையைப் பூட்டி, சாவியைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். பெகு சொல்லியிருக்கிறாள். நான் எதற்காகப் பாடிப் பழகுகிறேன் என்பது இப்போது ஊருக்கே தெரியும். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? ஆகவே உங்கள் எட்னிவெட்டுக்கும் ஒருநாள் தெரியத்தான் போகிறது. நீங்கள் சொல்லிக்கொடுத்தாலும் தெரியும், சொல்லிக்கொடுக்காவிட்டாலும் தெரியும். வித்தியாசம், நான் அங்கே நின்று ஒழுங்காகப் பாடுவேனா, தப்பாகப் பாடுவேனா என்பது மட்டும்தான்.

உங்களுக்காக ஒன்று கேட்டு வைத்தேன். ஏன் உள்ளே போனாய் என்று அண்ணனிடம் கேட்டேன். இத்தனை நாளும் கேட்கவில்லை. பிள்ளைகள் பசி என்பான், இல்லை முதலாளி ஏமாற்றிவிட்டான் என்பான், ஏதாவது சொன்னால் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வெகுநேரம் இருமிவிட்டு, "அலுத்துப்போச்சுடி. அவ்வளவுதான். ஒருநாள் காலைல எந்திரிச்சேன், இன்னிக்கும் சும்மா நிக்கணுமான்னு இருந்துச்சு. காலு தன்னால அந்தப் பக்கம் போயிருச்சு" என்றான். அதைக் கேட்டு அவனை அடிக்கலாம்போல இருந்தது. திரும்பி வரும்போது அவனைப் புரிந்ததுபோலவும் இருந்தது. இரண்டாவது குளிர்காலம் இது, இதெல். எனக்கும் சில காலைகளில் அப்படித்தான் இருக்கிறது. நான் போகவில்லை, போகவும் மாட்டேன். ஆனால் போனவனைக் கல்லைப் புதைக்கிறதுபோலப் புதைக்க என்னால் முடியாது.

நீங்கள் கடிதத்தில் "உன் அண்ணன்" என்று எழுதியிருந்தீர்கள். நம் கல்யாணத்துக்கு முன்பே அவன் உங்களுக்கு மச்சான். அவன்தான் என்னை உங்களுக்குக் காட்டினான். அதையும் நான்தான் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது.

உங்கள்
லௌரி


கும்தெரி
பிப்ரவரி 4

லௌரி,

இத்துடன் ஒரு சின்னப் பொட்டலம் வரும். துணியைப் பிரித்தால் என் இசைக்கவை இருக்கும். இங்கே குழுவை நடத்துவது வேறொருவர், நான் இரண்டாம் டெனர் குரல்களில் ஒருவன். கவை என் பையில் சும்மாதான் கிடந்தது. இதை உனக்காகத்தான் அனுப்புகிறேன், அவனுக்காக அல்ல. நீ ஊர் நடுவே தப்பாகப் பாடி நிற்பதை என்னால் தாங்க முடியாது, காரணம் அது ஒன்றுதான். யாரிடமும் சொல்லாதே.

கவையை முழங்காலில் தட்டு. மேசையில் தட்டாதே, ஓரம் மழுங்கிவிடும். அதன் கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வை. கேட்பது தோ. அதிலிருந்து இறங்கு. தோ, தீ, லா. லாவில் நில். இதுதான் உன் தரை. இங்கிருந்துதான் "கணவாய்" தொடங்குகிறது, இங்கேதான் முடிய வேண்டும்.

இப்போது நான் சொல்வதைப் பொறுமையாகப் படி. மைனருக்கென்று தனி ஸ்வரங்கள் கிடையாது. பலபேர் இருக்கிறது என்று நினைக்கிறார்கள். அதே ஏழுதான், அதே ஏணிதான். மேஜர் தோவை வீடாக்கிக்கொள்கிறது. மைனர் இரண்டு படி கீழே இறங்கி லாவை வீடாக்கிக்கொள்கிறது. ஒன்றும் மாறவில்லை, உட்காரும் இடம் மட்டும் மாறியிருக்கிறது. இடம் மாறியதால் எல்லாப் படிகளின் தூரமும் வேறாகக் கேட்கிறது. லாவிலிருந்து மூன்றாவது படி கொஞ்சம் தாழ்ந்து, சின்னதாக இருக்கும். அந்த ஒரு சின்னப் படியால்தான் முழுப் பாட்டுக்கும் அந்த முகம் வருகிறது.

உன் சிக்கல் மூன்றாவது அடியில். அங்கே மெட்டு தோவுக்கு விருந்தாளியாகப் போகிறது. போகட்டும், தடுக்காதே. ஆனால் திரும்பி வர வேண்டும். திரும்பி வருவதற்குத்தான் ஸோவை அரைப்படி உயர்த்தி ஸே என்று பாடுகிறோம். ஸே பாடியதும் லா உன்னைத் தன்னால் இழுத்துக்கொள்ளும். சாதாரண ஸோ பாடினால் அந்த இழுப்பு வராது, நீ தடுமாறுவாய். ஆகவே கடைசி அடியில் ஸே, லா. இதை நூறு தடவை பாடு. இடையில் தோவை நினைக்கவே நினைக்காதே.

இந்த ஸேயால்தான் எனக்கும் உன் அண்ணனுக்கும் பத்து வருஷச் சண்டை, நீ மறந்திருக்க மாட்டாய். கிழவர்கள் காலத்தில் ஸோ என்றுதான் பாடினார்கள், நான் ஏன் மாற்ற வேண்டும் என்பான். ஆனால் ஒவ்வொரு ஒத்திகையிலும் ஸேக்குச் சரி என்று தலையாட்டுவான். பாடல் போட்டி நாளில், ஆயிரம் பேர் கூடாரத்தில் உட்கார்ந்திருக்க, பேஸ் குரல்கள் மொத்தமும் அவன் பின்னால் போய் ஸோ பாடின, மற்ற மூன்று பகுதியும் ஸே. அந்த ஒரு இடத்தில் இரண்டும் மோதியது இன்னும் என் பல்லில் இருக்கிறது. ரியூவெலன்காரர்கள் இரண்டு பாட்டை ஒரே நேரத்தில் பாடும் அபூர்வத் திறமை உடையவர்கள் என்று நடுவர் மேடையில் சொன்னார். கூடாரமே சிரித்தது. வண்டியில் திரும்பும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் என் தொடையில் தட்டி, "ஆனா எங்க ஸோ நல்லா இருந்துச்சுல்ல?" என்றான்.

நல்லாத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல்.

குவாரிக்குள் போன அன்றும் அவன் இதே மாதிரிதான். எல்லோரும் ஒன்று பாட, அவன் தனக்குத் தோன்றியதைப் பாடுவான், அதன் விலையை மற்றவர்கள் கொடுக்க வேண்டும். இந்த முறை என்னால் சிரிக்க முடியவில்லை.

இதெல்


ரியூவெலன்
பிப்ரவரி 20

அன்புள்ள இதெல்,

கவை பத்திரமாக வந்தது. முழங்காலில்தான் தட்டுகிறேன்.

நூறு தடவை பாடச் சொன்னீர்கள், அதற்கு மேலும் பாடிவிட்டேன். தோவை நினைக்காதே என்று நீங்கள் சொன்னது எனக்குச் சரிப்படவில்லை. நினைக்காதே என்றால் நினைப்பு அங்கேதான் போகிறது. அதனால் நான் வேறு மாதிரி செய்தேன். தோவை நன்றாக நினைத்துக்கொள்கிறேன். அது அங்கேதான் இருக்கிறது, விளக்கு எரிகிறது, நானும் ஒருகாலத்தில் அங்கே இருந்தவள்தான், இப்போது அங்கே போகவில்லை என்று வைத்துக்கொண்டு பாடுகிறேன். அப்படிப் பாடினால் மெட்டு அசையாமல் நிற்கிறது. வாத்தியார் கோபித்துக்கொள்ள வேண்டாம். இந்தத் தெருவில் நான் தினமும் அதைத்தானே செய்கிறேன். அதே வீடுகள், அதே மனிதர்கள், ஒரு கதவும் மாறவில்லை. எந்தக் கதவையும் தட்ட முடியாது. மைனர் எனக்கு இதில்தான் புரிந்தது.

அண்ணன் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் பழகுகிறேன். சாகப்போகிறவனிடம் அவன் அடக்கப் பாட்டையே பாடிக் காட்டுகிறாளே என்று அண்ணி முதல்நாள் அழுதாள். அவன்தான், "நெஸ்ட், சும்மா இரு. வேலை நடக்குது" என்று அதட்டினான். குரல் போய்விட்டது அவனுக்கு. அந்த பேஸ் குரலா இது என்று இருக்கிறது. விரலால் போர்வையில் தாளம் தட்டுகிறான். நான் தடுமாறினால் விரல் நிற்கிறது.

நம் பாடப்புத்தகத்தில் லாவுக்கு நேரே அழும் ஸ்வரம் என்று போட்டிருக்கிறதே, அதை நம்பி நானும் கொஞ்சம் அழுத குரலில் இழுத்தேன். அவன் கையைத் தூக்கி நிறுத்திவிட்டான். "அழாத. அது அழல. மேஜர் பாட்டுல, வீட்டுக்கு வெளியே நிக்கும்போதுதான் லா அழும். இதுல லாதான் வீடு. வேலைக்குப் போயிட்டு வந்து பூட்ஸக் கழட்டிட்டு உக்கார்ற மாதிரி உக்காரு" என்றான். இவ்வளவையும் சொல்லி முடிக்க அவனுக்குக் கால்மணி நேரம் ஆயிற்று. நான் உட்கார்ந்தேன். சரியாக வந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் அவன் பிடிவாதம் போகவில்லை. ஸே வேண்டாமாம், ஸோ பாடச் சொல்கிறான். செத்த பிறகு உங்களால் அவனைத் திட்ட முடியாதாம். நான் வாத்தியாரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். சிரிக்க முயன்று இருமலில் போய் முடிந்தது. ரத்தம் வந்தது.

எதைப் பாடுவது என்று எழுதுங்கள். அவனுக்கும் ஒரு வரி எழுதுங்கள். பெரிதாக ஒன்றும் வேண்டாம். நாள் அதிகம் இல்லை.

உங்கள்
லௌரி


கும்தெரி
மார்ச் 2

லௌரி,

நேற்று நம் நாட்டுப் புனிதரின் பெருநாள். எங்களை மூன்று சபைகளில் பாட வைத்தார்கள். கடைசிச் சபையில் பாடும்போது எனக்கு முன்னால் நின்ற ஆள் நின்றபடியே தூங்கிவிட்டான், நான் முழங்கையால் இடித்துத்தான் எழுப்பினேன். நானும் பாதி தூக்கத்தில்தான் பாடினேன். கைதட்டினார்கள்.

அவனுக்கு ஒரு வரி எழுதச் சொன்னாய். எழுதிப் பார்த்தேன். "அன்புள்ள மெய்ரிக்" என்பதற்கு அப்புறம் எது எழுதினாலும், ஒன்று மன்னித்ததாக ஆகிறது, இல்லை செத்துக்கொண்டிருப்பவனை மறுபடி அடித்ததாக ஆகிறது. இரண்டுக்கும் எனக்குத் தெம்பில்லை. கிழித்துவிட்டேன்.

உயர்த்திப் பாடுவதா வேண்டாமா என்று கேட்டாய். இலக்கணப்படி ஸேதான். நான் வேறு மாதிரி சொல்லிக்கொடுத்ததில்லை, இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் அடக்கம் அவனுடையது. கடைசி அடிக்கு வரும்போது வாயில் எது வருகிறதோ அதைப் பாடு. யாரும் நடுவராக உட்கார்ந்திருக்கப் போவதில்லை.

குளிரில் நிற்கப் போகிறாய். என் பெரிய கோட்டைப் போட்டுக்கொள். ஆண்பிள்ளைக் கோட்டு என்று பார்க்காதே.

இதெல்


ரியூவெலன்
மார்ச் 9

அன்புள்ள இதெல்,

முடிந்துவிட்டது. அண்ணன் திங்கட்கிழமை விடியற்காலையில் போனான். வியாழக்கிழமை அடக்கம். உங்கள் கடிதம் வந்தபோது அவன் பெட்டிக்குள் இருந்தான். அவனுக்கு எழுதாதது பற்றி நான் உங்களிடம் சண்டைபோடப் போவதில்லை, இப்போது அதற்கு எனக்கும் தெம்பில்லை.

அவனோடு உள்ளே போன நாலு பேர் பெட்டியைத் தூக்கினார்கள். போதகர் முன்னால் நடந்தார். தெருவில் ஒவ்வொரு ஜன்னலிலும் திரை இழுத்து மூடியிருந்தது. வழக்கமாக மரியாதைக்கு மூடுவார்கள், இந்த முறை எதற்கென்று எல்லோருக்கும் தெரியும். நான் உங்கள் கோட்டைப் போட்டுக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் நடந்தேன். போதகர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நடந்தார். அதற்காக அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

கல்லறைச் சுவருக்கு வெளியே ஊர் நின்றது. உள்ளே வரவில்லை, வீட்டுக்கும் போகவில்லை. மூப்பர் பென்ரி நின்றார், பெகு நின்றாள், நம் டெனர்கள் எல்லோரும் தொப்பியைக் கழற்றாமல் நின்றார்கள். ஜெபம் முடிந்ததும் போதகர் என்னைப் பார்த்தார். கவையைத் தட்டினேன். தோ. இறங்கினேன், லாவில் நின்றேன். எடுத்தேன்.

யாராவது சேர்ந்துகொள்வார்கள் என்று கடைசிவரை நினைத்தேன், உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது. நம் ஜனங்களால் பாட்டைக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்க முடியாது. நின்றார்கள். மூப்பர் பென்ரியின் வாய் இரண்டாவது அடியில் திறந்தது, நான் பார்த்தேன். உடனே அழுத்தி மூடிக்கொண்டார். பெட்டி தூக்கிய நாலு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்கு ஊர் முன்னால் வாய் திறக்க வெட்கம். மூன்று சரணமும் நான் ஒருத்தியேதான் பாடினேன். மூன்று தடவையும் அந்த வெளிச்சமான இடத்துக்குப் போனேன், மூன்று தடவையும் திரும்பி வந்தேன். ஸோதான் பாடினேன். அவன் கேட்டான் என்பதற்காகக்கூட இல்லை, அதுதான் வந்தது. அழவில்லை. பாடி முடித்து வாயை மூடியபோது, மண்ணை அள்ளிப் போடுகிற ஆளே கொஞ்சம் தயங்கினான்.

அன்று மாலை நம் ஜன்னல் கண்ணாடியை யாரோ உடைத்துவிட்டார்கள். அட்டையைக் கிழித்துக் கதவடியில் போட்டிருந்தார்கள். மரப்பலகை வைத்து அடைத்திருக்கிறேன். மறுநாள் மூப்பர்கள் கூப்பிட்டு விசாரித்தார்கள். அந்த மெட்டை எடுக்க யார் சொல்லிக்கொடுத்தது, இது இதெலுக்குத் தெரியுமா என்று கேட்டார்கள். செத்துப்போன அண்ணனே சொல்லிக்கொடுத்தான், இதெலுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டேன். செத்தவனை அவர்கள் என்ன செய்ய முடியும்? பென்ரி அதை எழுதி அங்கே உங்கள் குழுவுக்கு அனுப்புவார். கேட்டால், எனக்குத் தெரியாமல் நடந்தது என்று நீங்களும் சொல்லிவிடுங்கள். நான் தப்பாக நினைக்க மாட்டேன். நமக்கு அந்தக் குழு வேண்டும், உங்களுக்கு அங்கே நாலு பேர் முகம் கொடுத்துப் பேச வேண்டும். இங்கே என்னோடு பேச ஆளில்லாமல் இருப்பது எனக்குப் பழகிவிடும்.

தூக்கம் வருகிறது. வாரக்கணக்கில் தூங்கலாம்போல இருக்கிறது.

உங்கள்
லௌரி


கும்தெரி
மார்ச் 16

அன்புள்ள லௌரி,

உன் கடிதமும் பென்ரியின் கடிதமும் ஒரே தபாலில் வந்தன. உன்னுடையதை நான் படித்துக்கொண்டிருக்கும்போதே அவருடையதை எட்னிவெட் படித்துக்கொண்டிருந்தார். ஒத்திகை முடிந்ததும் யாரும் போக வேண்டாம் என்று நிறுத்தினார். நாங்கள் இருபத்துச் சொச்சம் பேர், எல்லோரும் அன்றைய ஷிப்ட் முடித்து, கண்ணிமையில் கரியோடு உட்கார்ந்திருந்தோம். அவர் கடிதத்தை வாசித்தார். உன் பெயர் வந்த இடத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டார், அந்த மரியாதை இருந்தது.

வாசித்து முடித்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் என்மேல் பாயவில்லை என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார். "இதெல், நீங்க இங்க இருக்கீங்க, அது அங்க நடந்திருக்கு. ஒங்களுக்குத் தெரியாம நடந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. எழுதி அனுப்பிடறேன். எல்லாரும் போய்ப் படுக்கலாம்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். யாருக்கும் என்னோடு சண்டைபோட விருப்பமில்லை, லௌரி. அவ்வளவு அலுத்திருந்தோம். நீயும் அதையே சொல்லச் சொல்லித்தான் எழுதியிருந்தாய். வாயைத் திறந்தேன், அந்த வார்த்தையைச் சொல்வதற்காகத்தான் திறந்தேன்.

அப்போது, நீ மூன்று சரணமும் தனியாகப் பாடினாய் என்பது நினைவுக்கு வந்தது. ஒரு மனுஷிக்கு மூன்று சரணம் ரொம்ப நீளம். யாராவது ஒருவன் ஒரு அடியாவது கூடப் பாடியிருக்கலாம்.

"எனக்குத் தெரியும். நாந்தான் சொல்லிக்குடுத்தேன்" என்றேன்.

எட்னிவெட்டுக்குப் புரியவில்லை. இங்கிருந்து எப்படி என்று கேட்டார். தபாலில் என்றேன். கவையையும் நானே அனுப்பினேன் என்றேன். பின் வரிசையிலிருந்து ஒருவன், "எவனுக்காக? அந்தக் கருங்காலிக்கா?" என்று கேட்டான்.

"என் மச்சானுக்கு" என்றேன்.

எட்னிவெட் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். என் பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அறைக்கு வந்தால் கட்டிலில் என் முறைக்கு வேறொருவன் படுத்திருந்தான். நான் எழுப்பவில்லை.

உன்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டேன், அதற்குக் கோபித்துக்கொள். குவாரி வாசலை மிதிக்க மாட்டேன், கடைசி ஆள் நிற்கும்வரை நானும் வெளியேதான் நிற்பேன், அதில் மாற்றமில்லை. அவன் செய்தது தப்புதான், இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன். ஆனால் அவன் பாட்டில்லாமல் போகவில்லை, அந்த மட்டில் எனக்கு நிம்மதி.

சனிக்கிழமை மாலை வண்டியில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வா. அந்தத் தெருவில் தனியாக நடக்க எனக்குத் தெம்பில்லை.

உன்
இதெல்